தீங்குக்கு ஏற்ற வினைச்சொல்

சொல்தேடிகள் என்று ஒரு வகையார் உண்டு. சர்க்கார் வெளியிட்ட எந்தச் சாதிப் பட்டியலிலும் இவர்களைக் காண முடியாது. முற்பட்டோரிலும் இல்லை, பிற்பட்டோரிலும் இல்லை. ஆனால் எந்தத் தெருவில் தேடினாலும் ஒருவராவது அகப்படுவார். வீடு பற்றி எரிகிறது என்று நீங்கள் அலறிக்கொண்டு போனால் வாளியைத் தேட மாட்டார். "எரியுதுன்னு சொல்றது சரியில்லையே. பத்திக்கிச்சுன்னு சொல்லலாம், ஆனா அது ஆரம்பத்துக்குத்தான் பொருந்தும்" என்பார். அவரை அடிக்கலாமா என்றும் தோன்றும், அவர் சொல்வது சரிதானே என்றும் தோன்றும். இந்த இரண்டாவது தோன்றலை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார் என்று பார்க்கும் முன்னே பேனாவை எடுத்து, விட்டுப்போன ஒற்றுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அதே பத்திரிகையை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இப்ப அடிச்சா நல்லா இருக்கும்" என்பவர் இவர்தான். அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று என்று சொல்லிப் பாருங்கள். உங்களை இரக்கத்தோடு பார்ப்பார். துக்கம் விசாரித்து இவர் எழுதும் கடிதம் தலைத்திவசத்துக்குத்தான் வந்து சேரும். 'மறைந்தார்' என்பதா, 'காலமானார்' என்பதா என்று தீர்மானிக்கப் பத்து மாதம் ஆகியிருக்கும். கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. கெட்ட மனிதர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

இந்த வகையில் பழுதில்லாத உருப்படி என்று நான் சொல்லக்கூடியவர் பஞ்சநதம். திருவாரூருக்குக் கிழக்கே, காரைக்கால் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். சிறுவயதில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஐந்து மைல், பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடம் ஒன்றரை மைல் என்ற ஒரே காரணத்தால் பிரெஞ்சு படித்தவர். பிறகு காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கினான், மூட்டை கட்டினான், கப்பலேறினான். பஞ்சநதத்தின் நாக்கிலிருந்து மட்டும் இறங்கவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து ஒரு பிரெஞ்சு அகராதி. மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். சரஸ்வதி பூசைக்கு அதற்குத்தான் முதல் பொட்டு.

ஒருநாள் அவர் மனைவி அம்சவல்லி சோறு வடிக்கும்போது கையில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டு, "ஐயோ, கையச் சுட்டுக்கிட்டேன்" என்று கத்தினார். பஞ்சநதம் வந்து பார்த்தார். "சுட்டுக்கிட்டேன்னு சொன்னா நீயே செஞ்ச மாதிரி ஆயிடுது. பட்டுருச்சுன்னு சொல்லு" என்றார். அம்சவல்லி தாமே போய்த் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் எந்த வலியையும் புருஷனிடம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் வீட்டு வாசலுக்குத்தான், ஒரு தை மாதம் நாலாம் தேதி காலையில், தங்கையனும் அவர் மனைவி நாகம்மாளும் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கதர்க்கட்சி போய்ப் புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் சென்னையில் போட்டது. அடி இங்கே விழுந்தது. தங்கையன் எட்டு மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரி பிரான்சில் இருந்தாள். காரைக்கால்காரர் மகள்தான், ஆனால் பிறந்தது பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில், வாழ்க்கைப்பட்டது பிரான்சில். தமிழில் 'அம்மா', 'வலி', 'போதும்' என்ற மூன்று சொல்லுக்கு மேல் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் அவள் 'மதாம்'. அவள் சார்பில் நிலத்தை ஆண்டவர் காரியஸ்தர் சாமிதுரை. ஆட்சி மாறிய மறுவாரமே கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இருவண்ணக் கரை வேட்டிக்கு வந்துவிட்டவர். இடுப்புச் சாவிக்கொத்து மட்டும் அதேதான். தங்கையன் பதிவேட்டில் பெயர் ஏற்ற மனுக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதும், வாய்க்கால் மதகுக்குப் பலகை போட்டு, பலகைக்குச் சங்கிலி போட்டு, சங்கிலிக்குப் பூட்டுப் போட்டார். "பதிவேட்டுல பேரு எழுதுனவன் பதிவேட்டுலயே பயிர் வச்சுக்கட்டும்" என்றார்.

பயிரோ தாளடி, இரண்டாம் போகம். தொண்டைக்கதிரில், கதிர் வெளிவரும் தறுவாயில் நிற்கிறது. இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வந்தாலும் உள்ளே பால் பிடிக்காது. தை பாதியில் மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு பூட்டைத் திறந்தால் என்ன, மதகையே பிடுங்கி எறிந்தால் என்ன? விவசாயிகள் சங்கத்துக்கார ரெத்தினம் கடப்பாரையோடு வந்து நின்றார். தங்கையன் வேண்டாம் என்றார். போன வருஷம் இதே மாதிரி மதகை உடைத்த இரண்டு பேர் இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். தாசில்தார் விசாரிப்பதாகச் சொன்னார், மாசியில். மிச்சம் இருந்தது ஒரே வழி. அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மதாம் காரைக்காலுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் தேதி திரும்பிவிடுவாள். அதற்குள் அவளுக்கு நேராக விஷயம் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் தங்கமணி, பிரான்சில் இருப்பவர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் தெரியும் என்ற நம்பிக்கையில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மதாமுக்கு இங்கிலீஷும் தெரியாது என்று பிறகு தெரிந்தது. ஆகவே பஞ்சநதம்.

பஞ்சநதம் மனுவைக் கையில் வாங்கினார். முதல் பாதியைக் கால் மணி நேரத்தில் பிரெஞ்சில் இறக்கிவிட்டார். தங்கையனுக்கு நம்பிக்கை வந்தது. நாகம்மாள் பஸ் எத்தனை மணிக்கு என்று கூட யோசித்துவிட்டாள். 'உங்கள் காரியஸ்தர் மதகை அடைத்து எங்களுக்கு' என்பது வரை பேனா ஓடியது. அடுத்த சொல்லில் நின்றது.

"இங்க 'ஹார்ம்'னு ஒரு வினை போட்டிருக்காரு வாத்தியாரு" என்றார் பஞ்சநதம். "இங்கிலீஷ்காரன் சோம்பேறி. எல்லாக் கெடுதலுக்கும் ஒரே சொல்லு. பிரெஞ்சுல அப்படிக் கெடையாது. சொல்லுப்பா, கெடுதல் எதுல நடந்துச்சு? உடம்புலயா?"

"இல்லீங்கய்யா. பயிர்ல."

"அப்ப 'ப்ளெசே' வராது. அது ரத்தம் வரணும், இல்லாட்டி மனசு புண்படணும்."

"மனசும்தாங்க புண்பட்டுருக்கு" என்றாள் நாகம்மாள்.

"அது ரெண்டாவதும்மா. முதல்ல பயிரைப் பாப்போம். 'அபிமே'ன்னு ஒண்ணு இருக்கு. சட்டை, நாற்காலி, இந்த மாதிரி சாமான் கெட்டுப்போனா சொல்றது. பயிரு சாமானா, உசுரா?"

தங்கையன் கொஞ்சம் யோசித்தார். "தண்ணி வுட்டா உசுருங்க."

"சரி, 'லெசே'. ஒருத்தரோட உரிமைக்குப் பங்கம் பண்றது. உன் பேரு பதிவேட்டுல ஏறிடுச்சா?"

"மனுக் குடுத்திருக்குங்க."

"பாத்தியா. உரிமையே இன்னும் வரலை. வராத உரிமைக்கு எப்படிப் பங்கம் வரும்?" என்று பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "'நுயிர்'னு ஒண்ணு இருக்கு. பொதுவாத் தீங்கு செய்யறது. ஆனா அது முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். காரியஸ்தர் நாளைக்குக் கேட்டார்னா, இதை எழுதினது யாருன்னுதானே கேப்பாரு?"

பஞ்சநதத்தின் சொந்த நிலம் ஆறு மாவும் அதே வாய்க்காலில், அதே சாமிதுரையின் சாவிக்குக் கீழேதான் பாய்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்வது நாகரிகம் இல்லை. சொல்லிவிட்டேன். அவரைக் கேட்டால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்வார், அதுவும் மனதாரச் செய்வார். பயம் தன் சொந்த முகத்தோடு வந்தால் பஞ்சநதம் போன்ற கண்ணியமானவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சொல்நயம் என்று வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் உட்காரப் பாய் போடுவார்கள்.

"ரெண்டு நாள் குடுப்பா. சரியான சொல்லு வரட்டும்" என்றார்.

ஆறாம் தேதி தங்கையன் வந்தார். சொல் வரவில்லை. தப்பு பிரெஞ்சில் இல்லை, இங்கிலீஷில்தான் என்று பஞ்சநதம் கண்டுபிடித்திருந்தார். வாத்தியார் தங்கமணியைக் கூப்பிட்டு அனுப்பி, எந்தத் தமிழ்ச் சொல்லை மனதில் வைத்து 'ஹார்ம்' என்று எழுதினீர்கள் என்று கேட்டு, 'கெடுதல்', 'தீங்கு', 'ஊறு', 'நட்டம்' என்று நான்கையும் வரிசையாக நிறுத்தி, அரை நாள் இருவரும் பேசினார்கள். வாத்தியாருக்கும் அந்த வியாதியின் வாடை கொஞ்சம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அன்று தானாகவே விடுமுறை விழுந்தது. எட்டாம் தேதி கதிர் தலைகாட்டிவிட்டது, நிலம் வெடிப்பு விட்டது. வெடிப்பில் கால் விரல் நுழைகிறது என்று தங்கையன் வந்து சொன்னார். "'வெடிப்பு'ன்னு நீ சொல்றது ரொம்ப நல்ல சொல்லு" என்று பஞ்சநதம் குறித்துக்கொண்டார். பத்தாம் தேதி மனு சுத்தப் பிரதியாகத் தயார். முத்துமுத்தான எழுத்து. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அரை விரற்கடை காலியாக விட்டிருந்தது.

நாகம்மாளுக்கு அன்று பொறுமை போய்விட்டது. "ஐயா, ஏதோ ஒண்ண எழுதிக் குடுங்க. தப்பா இருந்தா அந்தம்மா சிரிச்சுட்டுப் போவட்டும்."

பஞ்சநதம் அதிர்ந்து போனார். அவர் ஆயுளில் தம்மிடம் இப்படி ஓர் ஆபாசமான பேச்சை யாரும் பேசியதில்லை.

பன்னிரண்டாம் தேதி வந்தது. மதாம் புறப்படும் நாள். மூன்று பேரும் முதல் பஸ்ஸில் காரைக்காலுக்குப் போனார்கள். பஸ்ஸிலேயே முடிவு செய்துவிடலாம் என்று பஞ்சநதம் இரண்டு சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தார். இறங்கும்போது அவை மூன்றாகியிருந்தன. கல்யாண வீட்டு வாசலில் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் மதாம் நாற்காலியில் இருந்தாள். பின்னால் சாமிதுரை சாவிக்கொத்தோடு நின்றார். சாமிதுரைக்குப் பிரெஞ்சில் மொத்தம் ஒரே வாக்கியம் தெரியும்: 'தூ வா பியான்.' எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் இருபது வருஷமாக மூன்று வேலி, இருபது ஏக்கர் நிலத்தை ஆண்டு வந்தார். பஞ்சநதத்துக்கு நாற்பதாயிரம் சொல் தெரியும்.

மதாம் மனுவை வாங்கிப் படித்தாள். முகம் மலர்ந்தது. இவ்வளவு அழகான பிரெஞ்சைப் பிரான்சிலேயே இப்போது யாரும் எழுதுவதில்லை என்றாள். பஞ்சநதத்துக்குக் காது சிவந்தது. காலி இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, இங்கே என்ன வர வேண்டும் என்று கேட்டாள். "மதாம், அதைப் பற்றித்தான் தங்களோடு கலந்துகொள்ளலாம் என்று" எனப் பஞ்சநதம் பிரெஞ்சில் ஆரம்பித்தார். நாற்பது வருஷமாக அவர் காத்திருந்த பேச்சு அது. மதாமும் சளைத்தவள் இல்லை. ஒரு சொல்லை அவர் சொன்னால், அது சற்றுக் கடுமை என்று அவள் சொல்வாள். காப்பி வந்தது. கார் டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அரை விரற்கடை இடத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். தங்கையன் தூணோடு தூணாக நின்று அவர்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார். எந்த வாயிலிருந்து தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

நாகம்மாளுக்குத் தாகம் எடுத்தது. கொல்லைப்பக்கம் போய் ஒரு செம்பு தண்ணீர் கேட்டாள். அங்கே சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாகூர் சைத்தூன் பீவி. புருஷனோடு சைகோனில் பதினெட்டு வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவர். மதாமுக்குச் சிறுவயதில் பழகிய சாப்பாடு இவருக்குத்தான் வரும் என்று வரவழைத்திருந்தார்கள்.

"ஏன் புள்ள, மொகம் இப்படிக் கெடக்கு?" என்று கேட்டார் சைத்தூன் பீவி.

நாகம்மாள் சொன்னாள். மதகு, பூட்டு, எட்டு நாள், இன்னும் மூன்று நாளில் மேட்டூர். அழவில்லை.

"இதுக்கா அந்த மனுசரு அம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டிருக்காரு? வா எம் பின்னாடி" என்று சைத்தூன் பீவி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவருடைய பிரெஞ்சு மீன் வாங்கிப் பழகிய பிரெஞ்சு. வினைச்சொற்களையெல்லாம் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு வந்த பிரெஞ்சு. அதைத் தமிழில் வைத்தால் இவ்வளவுதான்: "மதாம். தண்ணி இல்ல. நெல்லு சாவு. அந்த ஆளு." விரல் சாமிதுரையை நேராகக் காட்டியது.

மதாம் திரும்பிக் காரியஸ்தரைப் பார்த்து என்னவோ கேட்டாள். "தூ வா பியான், மதாம்" என்றார் சாமிதுரை. மறுபடியும் கேட்டாள், குரல் கொஞ்சம் உயர்ந்தது. "தூ வா பியான்." இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியம் போதவில்லை. மதாம் சாவிக்கொத்துக்காகக் கையை நீட்டினாள். சாமிதுரையின் கை இடுப்புக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சநதம் தொண்டையைச் செருமினார். "மன்னிக்க வேண்டும், மதாம்" என்றார், பழுதில்லாத பிரெஞ்சில். "துல்லியமாகச் சொல்வதானால், பயிர் சாகவில்லை. சாகக்கூடிய நிலையில் இருக்கிறது."

மதாமின் கை பாதியில் நின்றது. சாகவில்லையா என்று கேட்டாள். சாமிதுரையின் கை இடுப்பிலேயே தங்கிவிட்டது. தங்கையனுக்குப் பாஷை புரியவில்லை, ஆனால் இரண்டு கைகளும் நின்றது புரிந்தது. எட்டு மாவும் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே நின்றது.

சைத்தூன் பீவி பஞ்சநதத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு" என்றார் பிரெஞ்சில். ஒரே சொல். "நாளைக்கு, சாவு."

சாவி கை மாறியது. மதாம் அதைத் தங்கையனிடமே கொடுத்தாள்.

மூன்று நாள் தண்ணீர் பாய்ந்தது. பிறகு மேட்டூரை மூடிவிட்டார்கள். மாசியில் அறுத்தபோது மதகை ஒட்டிய ஐந்து மா தேறியது. கடைக்கோடி மூன்று மாவுக்குத் தண்ணீர் எட்டியபோது பால் பிடிக்கும் பருவம் தாண்டிவிட்டிருந்தது, அத்தனையும் பதர். நாலாம் தேதியே சேதி போயிருந்தால் எட்டும் தேறியிருக்கும். இதைக் கணக்குப் போடப் பிரெஞ்சு தேவையில்லை.

களத்தில் நாகம்மாள் தூற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் பாதி பறந்தது. அப்போது பஞ்சநதம் வேகவேகமாக வந்தார், கையில் ஒரு தாளோடு. முகத்தில் பெண்ணுக்கு வரன் அமைந்த களை.

"தங்கையா, கெடைச்சிருச்சுப்பா. அன்னிக்கு விட்டுப்போன எடத்துல வரவேண்டிய சொல்லு. உடம்புக்கும் பொருந்தும், பயிருக்கும் பொருந்தும், உரிமைக்கும் பொருந்தும். செய்றவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்கணும்னு கூட அவசியமில்ல. நல்ல மனுசன் செஞ்சாலும் இதே சொல்லுதான்."

நாகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சொல்ல நீங்களே வச்சுக்குங்க ஐயா. உங்க பேருக்குப் பின்னால போட்டுக்குங்க. எட்டு நாளு நீங்க எங்களுக்குச் செஞ்சது அதுதான்."

பஞ்சநதம் அசையாமல் நின்றார். பதர் அவர் தோளிலும் தலையிலும் வந்து விழுந்தது. ஏதோ உள்ளே போய்த் தைத்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். மெல்லத் தலையை ஆட்டினார்.

"பேருக்குப் பின்னாலதான் வினை வரணும். ரொம்பச் சரி. பிரெஞ்சு முறை அதுதான். படிக்காத பொண்ணு, எவ்வளவு சரியாச் சொல்லுது பாரு" என்று மெய்யாகவே மகிழ்ந்து, தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நடுவில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் படித்தபோது அதன் உச்சரிப்பு இப்படி இல்லையே என்று உங்களுக்குத் தோன்றியதா? 'காரியஸ்தர்' என்பதைவிட 'முகவர்' நல்ல தமிழ் என்று பட்டதா? சாமிதுரையின் கை இடுப்பில் நின்ற அந்த நிமிஷத்திலும், வேறெங்கோ ஓர் ஒற்று மிகுந்திருப்பதை உங்கள் கண் கண்டுபிடித்துவிட்டதா? எனக்குக் கடிதம் எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், நன்றியோடு திருத்திக்கொள்கிறேன். எழுத உட்காரும் முன் எழுந்துபோய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். உங்கள் வாசலில் எட்டு நாளாக யாராவது நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள்.